ஆறடிக் களிமண்

லீட்ஸ்,
4-7-1971

அன்புத் தங்கை லூயிசாவுக்கு,

பால்பவுடர் டப்பாவில் நீ அனுப்பிய களிமண் நல்லபடி வந்து சேர்ந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில் யார் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினாலும் போய் நின்றுவிடு. ஆறடி ஆழத்தில் கறுப்பாகக் களி வந்தால் எனக்கு வேண்டும். ஒரு காலத்தில் ஏரியும் சதுப்புமாகக் கிடந்த இடம் அது. அந்தக் களி ஆற்றோடு வந்து படிந்ததா, தேங்கிய தண்ணீரில் அங்கேயே உண்டானதா என்பதுதான் என் ஆராய்ச்சி.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகம் என்று எழுதியிருந்தாய். அடுத்த மாதம்தான் களியைச் சோதிக்கும் எக்ஸ்ரே யந்திரத்தில் எனக்கு முறை வருகிறது. கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வருவேன் என்று சொல்.

உன் அண்ணன்,
பிரகாசம்

மயிலாப்பூர்,
19-8-1971

சேசு மரி சூசை துணை

அண்ணா,

தந்தி கிடைத்திருக்கும். கடைசி நாள் முழுக்க, “பிரகாசம் கிளம்பிட்டானா?” என்றே அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பிவிட்டான் என்று பொய் சொன்னேன்.

ராஜா அண்ணாமலைபுரம் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். ஆளுக்கொரு பிடி மண் போட்டோம். உன் பிடியை மட்டும் எடுத்து வைத்தேன். குழி வெட்டிய கிழவர் மண்ணாங்கட்டி, “இன்னாம்மா, குழி மண்ணைப் போயி டப்பாவுல போட்டுக்கினு கீறே?” என்று கேட்டார். மறுநாளே உனக்கு அனுப்பிவிட்டேன். பழக்கதோஷம், மேலே ‘ஆறடி, கறுப்புக் களி’ என்று எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் எழுதத்தான் இத்தனை நாள் மனம் வரவில்லை.

அங்கே சாமியாரிடம் கொடுத்து அதை மந்திரித்து வாங்கி, ஏதாவது ஒரு கல்லறையோரம் உன் கையால் போட்டுவிடு.

லூயிசா

லீட்ஸ்,
2-9-1971

லூயிசா,

டப்பா முதலில் வந்தது, கடிதம் பிறகுதான் வந்தது. அப்பா போவதற்கு முன்பே நீ அனுப்பியது என்று நினைத்து, வழக்கம்போல இடித்து, தண்ணீரில் கரைத்து, உலையில் வைத்து... ஐயோ, எப்படி எழுதுவேன்! ஒரு சிட்டிகைகூட மிச்சமில்லை.

அதைவிடக் கேவலம், முடிவைப் பார்த்ததும் கைதட்டிச் சிரித்தேன். வெளியிலிருந்து வந்த களி இல்லை அது. சதுப்புத் தண்ணீர் வற்ற வற்ற, அதில் கரைந்திருந்தவை ஒன்றுசேர்ந்து அங்கேயே பிறந்த களி. நீ அனுப்பியதிலெல்லாம் இது ஒன்றுதான் தெளிவாகச் சொன்னது. பேராசிரியர் ஆய்வேட்டில் சேர்க்கச் சொல்கிறார். மண் எடுத்த இடத்தை எழுத வேண்டும், எனக்குக் கை ஓடவில்லை.

நான் பாவி. நீ வேண்டாமென்றால் எல்லாவற்றையும் கிழித்துப் போடுகிறேன்.

பிரகாசம்

மயிலாப்பூர்,
14-9-1971

சேசு மரி சூசை துணை

அண்ணா,

படித்துவிட்டு இரண்டு நாள் உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பியாட்ரிஸ் சித்தியே, “போதும்டி, விட்டுடு” என்றாள்.

கிழிக்காதே. ராஜா அண்ணாமலைபுரம் என்று மட்டும் எழுது, போதும்.

நேற்று கல்லறைக்குச் சிமெண்ட் பூச மேஸ்திரி வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். உன் பிடி விழாமல் அதை மூட விடமாட்டேன். மழைக்கு முன்னால் வா.

லூயிசா