நெவியோ கேட்ட கேள்வி

காசலோரா,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஓர்னெல்லாவுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைக் கணக்கில் சேர்க்காவிட்டால் நான் சுகம், உன் தம்பி நெவியோவும் சுகம். ஆஸ்திரேலியாவில் நீங்கள் எல்லோரும் சுகம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறாய், அதில் பாதியைத்தான் நம்புகிறேன். போனில் பேசினால் நெவியோ பக்கத்து அறையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன மாதம் ஒருநாள் பருப்பு சூப் குடித்துக்கொண்டே, தலை நிமிராமல், "அம்மா, இனிமே எல்லாம் எப்படி நடந்தா உனக்கு நல்லாயிருக்கும்?" என்று கேட்டான். எனக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. இந்த வீட்டில் யார் யாரை அப்படிக் கேட்டிருக்கிறோம்? கல்யாணத்துக்கு முன் என் அப்பா கேட்கவில்லை, பின்னால் உன் அப்பாவும் கேட்கவில்லை. நான் சாப்பிட்டேனா என்றுகூடக் கேட்காத பிள்ளை திடீரென்று இப்படிக் கேட்டால் சந்தேகம் வராதா? மழை நின்றால் நல்லாயிருக்கும், ஆலிவ் பறிக்கலாம் என்று மழுப்பிவிட்டேன். எதிர்வீட்டு இயோலாந்தாவிடம் சொன்னேன். அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "எங்க அக்கா மகனும் இப்படித்தான் தேனொழுகக் கேட்டான். ஈஸ்டருக்குள்ள அக்காவை முதியோர் இல்லத்துல கொண்டுபோய்த் தள்ளிட்டான்டி, ஜாக்கிரதை" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. இவன் வாசலில் நின்று யாருடனோ போன் பேசுகிறான், என் தலையைக் கண்டதும் பேச்சை நிறுத்துகிறான். கேட்காமலே ஒரு கம்பளிச் சால்வை வேறு வாங்கித் தந்தான். அனுப்பப்போகிற இடம் குளிர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை ஆலிவ் காய்களைப் பெட்டிகளில் நிரப்பி ரெமீஜியோவின் செக்குக்குக் கொண்டுபோனோம். அவன் நல்லவன்தான், ஆனாலும் நம் காய் எண்ணெயாகி வரும்வரை யாரும் தன் பெட்டியை விட்டு அசைய மாட்டோம் என்பது உனக்குத் தெரியும், அசந்தால் அடுத்தவனுடைய புழுத்த காயின் எண்ணெய் நம் தலையில் விழும். நானும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். அங்கே வைத்து மறுபடியும் அதே கேள்வி. நான் எழுந்து போக முடியாத இடமாகப் பார்த்துக் கேட்கிறானே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "முதல்ல உனக்கு என்ன வேணும், அதைச் சொல்லு. என்னை எங்க கொண்டுபோய் விடப்போறே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ட்ரியெஸ்தே துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடைத்திருக்கிறதாம். நான் கூட வந்தால் அங்கே வீடு பார்ப்பானாம், எனக்குப் பிடிக்கவில்லையென்றால் வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவானாம். "நீ சொல்றதுதாம்மா" என்றான்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன், ஓர்னெல்லா. பெட்டிகளைப் பார்க்க ஆளில்லை, அவனும் என் பின்னாலேயே வந்துவிட்டான். இந்த வருஷ எண்ணெய் நம்முடையதுதானா என்று சத்தியமாகத் தெரியாது, நம் எண்ணெயை நக்கிப் பார்த்தால் தொண்டையில் ஏறும் அந்தக் காரல் இதில் இல்லை. அந்தக் காற்றடிக்கும் ஊரில் நான் யாரோடு பேசுவேன்? நான் போனால் அவனுக்கு அங்கேயும் என்னைப் பார்ப்பதே வேலையாகிவிடும். அதனால், "நீ போகணும், நான் இங்கயே இருக்கணும். அதான் எனக்கு வேணும்" என்றேன். அவன் என்னை ஓரக்கண்ணால் பார்த்தான், நம்பவில்லை. என் பிள்ளையல்லவா.

உனக்கு மட்டும் சொல்கிறேன். எனக்கு அவன் போக வேண்டாம். நீ ஆஸ்திரேலியாவுக்குப் போன வருஷம் நான் இந்த வீட்டில் நடந்த நடை எனக்குத்தான் தெரியும், இன்னொரு தடவை அதை நினைத்தாலே பயமாயிருக்கிறது. ஆனாலும் போகட்டும், அவனுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

கன்னி மாதா உன்னையும் பிள்ளைகளையும் கண்ணாகக் காப்பாள். அங்கே வெயில் காலமாமே, தொப்பியில்லாமல் வெளியே அனுப்பாதே. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நெவியோ உனக்குப் போன் செய்வான், அம்மாவுக்கு நிஜமாக என்ன வேண்டும் என்று உன்னைத் துருவுவான். நான் அவனிடம் சொன்னதையே சொல், குரல் மாறாமல் சொல்.

உன் அம்மா,
எர்சிலியா