வாட்ச்மேன் பொம்மையின் தலைமாடு

என் மாப்ள அனீஸுக்கு,

போன மாதம் ஒரு மத்தியானம், உன் அறையில் தனியாக நின்றுகொண்டு வாய்விட்டே கேட்டேன்: “மாப்ள, நீயாடா திருப்புற?” மேலே மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. செத்துப்போனவன் மேலேயே சந்தேகப்படும் அளவுக்கு வந்துவிட்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். இதை நம்மைத் தெரியாத நாலு பேரும் படிப்பார்கள். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

கல்லூரியில் கடைசி வருடத்துக்கு நாம் இருவரும் சேர்ந்து ஒரு குட்டி அனிமேஷன் படம் செய்தோம். கதை உன்னுடையது. ஏடிஎம்மில் ராத்திரிக் காவல் பார்க்கிற ஒரு வாட்ச்மேன் காலையில் வீட்டுக்கு வந்து தூங்கப் பார்க்கிறார். குக்கர் விசில் அடிக்கிறது. பழைய இரும்பு வாங்குகிற வண்டிக்காரர் மைக்கில் கத்துகிறார். பக்கத்து வீட்டில் போர்வெல் போடுகிறார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் மனுஷன் எழுந்து உட்காருகிறார். கடைசி ஷாட்டில் ஒருவழியாகத் தூங்கிவிடுகிறார். அவ்வளவுதான்.

கம்பியைக் கட்டி கிளே பூசிய பொம்மை. அட்டையில் வீடு. உங்கள் தெற்குவாசல் மெத்தைக் கடைத் துணியில் உன் அம்மா தைத்துக் கொடுத்த உள்ளங்கை அளவு மெத்தை. பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம் எடுக்க வேண்டும், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். ஒரு நொடி ஓடுவதற்குப் பன்னிரண்டு படம். “இம்புட்டுப் பொறுமை எங்க அத்தாவுக்குக்கூடக் கிடையாது மாப்ள” என்று நீயே அலுத்துக்கொள்வாய்.

கடைசி ஷாட்டை ஆரம்பித்தது நீதான். வாட்ச்மேன் மல்லாந்து படுத்திருக்க, போர்வை ஏறி இறங்க வேண்டும். அதற்கு நீ கண்டுபிடித்த வழி எனக்கு இன்றைக்கும் பொறாமை. போர்வைக்கு அடியில், நெஞ்சுப் பக்கத்தில், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு துளி பஞ்சு சொருகினாய். நெஞ்சு மெல்ல மெல்ல எழுந்தது. மூச்சு முக்கால்வாசி ஏறியிருந்தபோது, “தலை வலிக்குது மாப்ள, மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கிருவோம்” என்றாய். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் வரவேயில்லை.

படத்தை முடித்தால் இருவர் பெயரிலும் ஏற்றுக்கொள்வதாகத் துறைத் தலைவர் சொன்னார். முடியாவிட்டால் நான் தனியாக வேறு ஏதாவது செய்து என் பெயரில் மட்டும் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால், நீ இந்தக் கல்லூரியில் படித்தாய் என்பதற்கு வருகைப் பதிவைத் தவிர எதுவும் மிஞ்சாது. அதனால் அம்மாவிடம் போய் நின்றேன். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிக்கும் வரைக்கும் உன் அறையில் ஒரு துரும்பையும் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். “நீ மட்டும் போயிட்டு வா தம்பி. சாவி அடுப்படி ஆணியில தொங்கும்.”

கல்லுப்பட்டியில் பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கி, கே.கே. நகர் வரைக்கும் நடந்து, உங்கள் மாடி ஏறினேன். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வாட்ச்மேனின் தலைமாடு. வடக்கே இருந்தது. நீ இருந்தபோது நான் அதைக் கவனித்ததே இல்லை. எங்கள் பேரையூர்ப் பக்கம் பாயை விரிக்கும்போதே திசை பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும். வடக்கே தலை வைத்தால் ஆயுசுக்கு ஆகாது என்று என் அம்மா தூங்குகிறவனையும் எழுப்பித் திருப்பிப் படுக்கவைப்பார். ஒரு சாவு விழுந்த வீட்டில் கிளே பொம்மையைக்கூட அப்படிக் கிடக்கவிட எனக்கு மனசு வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் மேசையை அப்படியே திருப்பி, தலைமாடு கிழக்கே வரும்படி போட்டேன்.

ஜன்னல் வெளிச்சம் அடிபட்டது. நீ எடுத்த படங்களில் வாட்ச்மேனின் இடது கன்னத்தில் விழுந்த வெயில் இப்போது உச்சந்தலையில் விழுந்தது. உன் படங்களோடு என் படங்கள் ஒட்டாது. சரி, உன்னுடையதை ஒதுக்கிவிட்டு மூச்சை முதலிலிருந்து நானே எடுத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். போர்வையையும் பஞ்சையும் சரிபண்ணி, சில படங்கள் எடுத்து, அறையைப் பூட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் வாட்ச்மேனின் பொம்மைக் கட்டில் திரும்பிக் கிடந்தது. மேசை நான் போட்டபடியே இருக்கிறது. அட்டை வீடு அப்படியே இருக்கிறது. கட்டில் மட்டும் தலைமாடு கால்மாடாகித் திரும்பி, தலை மேற்கே போய்விட்டது. முதல் நாள் எடுத்த அத்தனை படமும் வீண். பூனையாக இருக்கும் என்று நினைத்து, கட்டிலை மறுபடி கிழக்கே திருப்பி வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். மறுநாளும் அதேதான். பூனைக்குப் போர்வையை நீவிவிடத் தெரியுமா? தலையணையைக்கூட ஒழுங்காக வைத்திருந்தது.

என் சுபாவம் உனக்குத் தெரியும். பஸ்ஸில் போர்டைப் படித்துவிட்டு டிரைவரிடம் கேட்பேன், அவர் சொன்னதை நம்பாமல் கண்டக்டரிடமும் கேட்பேன். “டேய் சிஐடி” என்று நீ கூப்பிட்டதைக் கேட்டு வகுப்பே அப்படித்தான் கூப்பிட்டது. அந்த சிஐடிக்கு இப்போது நிஜமாகவே ஒரு வேலை வந்தது.

முதல் சந்தேகம் நம் வகுப்பு தினேஷ் மேல். உன் மையத்து அடக்கத்துக்கு வந்த இடத்தில், “படம் எம்புட்டுடா முடிஞ்சிருக்கு?” என்று கேட்டவன் அவன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது? அவன் வண்டி கே.கே. நகர் பக்கம் நின்றதா என்று டீக்கடையில்கூட விசாரித்தேன். பிறகு பார்த்தால் பயல் தன் படத்துக்கு டப்பிங் என்று பத்து நாளாகத் திண்டுக்கல்லில் கிடக்கிறான். அடுத்த ஆளுக்குப் போனேன்.

அடுத்தவர் ரஃபீக் அண்ணன், உன் அக்கா மாப்பிள்ளை. நீ “மச்சான், மச்சான்” என்று அவர் தோளில் தொங்குவாய். எனக்கு மட்டும் அவர் என்றைக்கும் பிடிபட்டதில்லை. கடையில் இடம் போதவில்லை, நாற்பது கழிந்ததும் பஞ்சு மூட்டைகளை உன் அறையில் அடுக்கலாம் என்று அவர் போனில் சொன்னதை என் காதால் கேட்டேன். அது போதாதா? நான் படத்தை முடிக்காமல் சலித்துப்போய் ஓட வேண்டும் என்று மனுஷன் திட்டம் போட்டு வேலை செய்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

ஒரு நாள் கிளம்பும்போது கதவுக்கும் நிலைக்கும் நடுவே, மெத்தை தைக்கிற நூலை இழுத்து ஒட்டினேன். மறுநாள் நூல் அறுந்து கிடந்தது. கட்டில் திரும்பிக் கிடந்தது. கீழே இறங்கினால் மாடிப்படியில் ரஃபீக் அண்ணன் எதிரே வருகிறார். சட்டைப் பையில் அளக்கிற டேப். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

“அண்ணே, மேல ரூமுக்குப் போனீங்களா?”

“ஆமா, போனேன். எத்தனை மூட்டை கொள்ளும்னு அளந்து பாத்தேன். ஏன் தம்பி?”

“பொம்மைக் கட்டில நீங்கதானே திருப்பி வைக்கிறீங்க?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “எனக்கு வேற சோலி இல்லையாடா? அந்த ரூமுக்குள்ள அஞ்சு நிமிசம் நிக்க முடியல. சட்டையெல்லாம் அப்படியே தொங்குது. அளந்தேன், வந்துட்டேன்” என்றார். குரல் கம்மியிருந்தது. நான் அதையும் நம்பவில்லை. குற்றவாளி எல்லோருக்கும் குரல் கம்மத்தானே செய்யும்?

அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பாய். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் போய், “பொம்மை திரும்பிக் கிடக்கும்மா” என்று எந்த வாயால் கேட்பது? நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் ஒரு மூச்சுகூட விட்டபாடில்லை. அன்றைக்குத்தான் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம்தான் புத்தி வேலை செய்தது. படம் எடுக்கிற செயலியிலேயே தானாக நிமிஷத்துக்கு நாலு படம் எடுக்கிற வசதி இருக்கிறதே! நம் படத்துக்காக நீ வாங்கிய பழைய போனை ஸ்டாண்டோடு பின்னால் நகர்த்தி, கதவும் தெரியும்படி ஓடவிட்டு, பூட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் வந்து ஓட்டிப் பார்த்தேன். வெகுநேரம் வெறும் அறை. சாயங்கால வெயில் மட்டும் சுவரில் தத்தித் தத்தி நகர்கிறது. பிறகு ஒரு படத்தில் கதவு திறந்திருக்கிறது. அடுத்ததில் வாசலில் அம்மா. அடுத்ததில் மேசையருகே அம்மா. பிறகு கட்டில் அவர் கையில் இருக்கிறது, அதற்கடுத்த படத்தில் திரும்பி மேசையில் இருக்கிறது. அப்புறம் நகர்வே இல்லாமல் படம் படமாக ஓடியது. ஒரு விரலால் வாட்ச்மேனின் நெஞ்சைத் தொட்டபடி அம்மா நின்றுகொண்டிருந்தார். நம் பொம்மைகளைப் போலவே வெட்டி வெட்டி நகர்ந்த அம்மாவை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.

அப்போதும் சந்தேகம் விட்டதா என்றால், இல்லை. படம் முடியக் கூடாது என்று அம்மாவே நினைக்கிறாரோ? முடிந்தால் நான் வரமாட்டேன், அறை காலியாகிவிடும், மூட்டை வந்துவிடும். அதனால்தானோ? கேட்டுவிடுவது என்று கீழே இறங்கினேன். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, கட்டில நீங்களா திருப்பி வைக்கிறீங்க?”

“ஆமாப்பா. அந்தப் புள்ள காலு நாங்க தொழுகுற கிப்லாப் பக்கம்ல நீட்டிக் கெடக்கு? மேக்க கால் நீட்டிப் படுக்கலாமா? பாத்துட்டு எப்படிப்பா சும்மா வரது?”

அம்மாவே தொடர்ந்தார். “நானும் நேராத்தேன் வக்கிறேன். மறுநா பாத்தா மறுபடி திரும்பிக் கெடக்கு. மருமகன் அளவெடுக்கப் போயி மேசையத் திருப்பிப் போட்டுட்டு, கட்டிலயும் தட்டிவிடுறாருன்னு நெனச்சேன். மருமகன்கிட்ட எப்படிக் கேக்குறது? வீட்டுக்கு வந்தா மூஞ்சி குடுத்தே பேசல.”

பாவம் ரஃபீக் அண்ணன். மாடியில் நான் முறைக்கிறேன், கீழே மாமியார் முறைக்கிறார். என்ன குற்றம் செய்தோம் என்றே தெரியாமல் அந்த மனுஷன் டேப்பும் கையுமாக வந்து போயிருக்கிறார்.

மேசையைத் திருப்பியது நான்தான் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். வடக்கு, ஆயுசு, பேரையூர் எல்லாம் சொன்னேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

“எங்கள்ல அடக்கம் பண்றப்ப வடக்க தலை வச்சு, மொகத்த மேக்க பாத்துத்தேன்ப்பா வைப்பாங்க. அனீஸும் அப்படித்தேன் கெடக்கான். ஒன்னும் ஆகாது. அவன் வச்ச மாதிரியே வச்சிரு” என்றார்.

மாப்ள, அந்த இடத்தில் நான் அழுதேன். உன் மையத்தன்று வராத அழுகை அது. அம்மா வெங்காயத் தட்டை என் பக்கமிருந்து தள்ளி வைத்தார். வெங்காயத்தால்தான் அழுகிறேன் என்று நான் சொல்லிக்கொள்ள வழி செய்தாரோ என்னவோ, தெரியவில்லை.

இருவருமாக மேசையைப் பழையபடி திருப்பிப் போட்டோம். தலைமாடு வடக்கே. மறுநாள் நீ வழக்கமாக எடுக்கிற நேரத்தில் ஜன்னல் வெயில் சரியாக இடது கன்னத்தில் வந்து விழுந்தது. உன் கடைசிப் படத்தைத் திரையில் மங்கலாக வைத்துக்கொண்டு, பொம்மையை அதன்மேல் பொருத்தினேன். இம்மி பிசகாமல் ஒட்டியது. உன் படங்களை ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

நீ முக்கால்வாசியில் விட்டிருந்த மூச்சுக்கு இன்னும் கொஞ்சம் பஞ்சு சொருகி முழுசாக ஏற்றினோம். பிறகு இறக்க வேண்டும். படத்துக்கு ஒரு துளியாகப் பஞ்சை உருவ வேண்டும். முதல் துளியை நான் உருவியதும் போர்வையும் சேர்ந்து நகர்ந்தது. “தள்ளு, நான் உருவுறேன்” என்று அம்மா உட்கார்ந்தார். அவர் உருவ, நான் எடுக்க, நெஞ்சு இறங்கிக்கொண்டே வந்தது. பாதியில் ரஃபீக் அண்ணன் மேலே வந்து, வாசலோடு நின்று பார்த்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்து, “மருமகனே, டீ குடிச்சீகளா?” என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தப்பு நடந்தது. கடைசித் துளியை எடுத்ததும் அம்மா கையை விலக்க மறந்துவிட்டார். நான் பொத்தானை அழுத்திவிட்டேன். ஒரு படத்தில் மட்டும், வாட்ச்மேனின் நெஞ்சில் அம்மாவின் இரண்டு விரல்கள் இருக்கின்றன. தட்டித் தூங்கவைக்கிற மாதிரி. ஓட்டிப் பார்த்தால் ஏதோ நிழல் போனது போலிருக்கும், அவ்வளவுதான்.

தினேஷ் பார்த்துவிட்டு, “அந்த ஒரு ஃபிரேமைத் தூக்கிருடா, மார்க் கொறச்சிருவாங்க” என்றான். நல்லதுக்குத்தான் சொன்னானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். சந்தேகப்படுவதை விட்டுவிடுவேன் என்றெல்லாம் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், நீயும் நம்ப மாட்டாய். ஒன்றுக்கு மட்டும் கொடுக்கிறேன். இந்தப் படம் எங்கே ஓடினாலும், யார் என்ன சொன்னாலும், முதலில் உன் பெயர் வரும், அதற்குக் கீழே என் பெயர் வரும், அம்மாவின் விரல்கள் இருக்கிற அந்த ஒரு படத்தை யாரையும் வெட்டவிட மாட்டேன்.

வாட்ச்மேன் தூங்கிவிட்டார், மாப்ள. நீயும் தூங்கு.

உன் வீட்டு ஆணியிலிருந்து இன்னும் சாவி எடுக்கிற,
உன் மாப்ள
முத்துவேல்