பேச்சிமலைப் பாதை நிலவரம்

பிப்ரவரி 20
ஐந்து வரி எழுதினால்தான் சாப்பாடு என்று எனக்கு நானே சட்டம் போட்டேன். மூன்றாவது வரியில் சோறு ஆறிவிட்டது. எழுபத்திரண்டு வயதில் நான் எழுதுவதே என் மனைவி பஞ்சம்மாளின் நேர்ச்சையால்தான். "இந்த மனுசன் எழுத்துக் கூட்டிட்டா மலையேறி வாரேன்னு பேச்சியாத்தாகிட்ட சொன்னேன். இம்புட்டு சீக்கிரம் நடந்துரும்னு ஆத்தாளே நெனச்சிருக்க மாட்டா" என்கிறாள். மாசிப் பௌர்ணமிக்கு ஏற வேண்டும்.

பிப்ரவரி 27
அமாவாசை, பாதை திறக்கும் நாள். அவள் முழங்காலுக்கு வழி தாங்குமா என்று முன்னால் போய்ப் பார்த்து வந்தேன். வழுக்குப்பாறையில் புதுக் கம்பி. மேலே சருகு, அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. ஓடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையில் பலகை: 'வெள்ளம். கடக்காதீர்.' நானே வாசித்தேன்! வாசித்த பிறகு கடக்கத்தான் கூச்சமாக இருந்தது.

அடிவாரச் சாவடியில் எல்லோரிடமும் தீப்பெட்டியைப் பிடுங்குகிறார்கள். சரிதான். பிடுங்கியதை எங்கே போடுகிறார்கள்? சாவடிக்குப் பின்னால், மூங்கில் புதரடியில், காய்ந்த சருகின் மேல். இடுப்பளவு குவியல்! நாற்பது வருடம் தீப்பெட்டி கம்பெனியில் இருந்தவனுக்கு இது எதில் முடியும் என்று தெரியாதா?

காவலர் ஹரிஷ்குமாரிடம், "தம்பி, இது பத்திக்கிடுமே" என்றேன்.

"காட்டுக்குள்ள தீப்பெட்டி போகக்கூடாது தாத்தா. போகலைல்லா?"

"அப்ப இது காடு இல்லையாய்யா?"

"காடு கேட்டுக்கு அந்தப் பக்கம். குறைன்னா எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுப்பதா? ஆகா!

மார்ச் 2
மனு. 'ஐயா' வரை வந்திருக்கிறது.

மார்ச் 5
ஒன்பது வரி! எனக்கு எழுத்துச் சொல்லித் தரும் ஹெப்சிபா டீச்சர் வாசித்துவிட்டு, "என்ன செய்யணும்னு கடைசியில தெளிவா போட்டுருங்க அய்யா" என்றார். 'தகுந்த நடவடிக்கை எடுக்கவும்' என்று போட்டேன். எவ்வளவு பெரிய வார்த்தைகள். எழுதியதும் கொஞ்சம் உயரமாகிவிட்டேன்.

மார்ச் 7
வனத்துறை அலுவலகத்தில் மனு கொடுத்தாயிற்று. இரண்டு முத்திரை குத்தினார்கள்.

மார்ச் 13
பௌர்ணமி. கேட்டில் பூட்டு, புதுப் பலகை, கூட்டம். "பெரியவரே, வாசிங்க" என்று முன்னால் விட்டார்கள். சத்தமாக வாசித்தேன்: 'திருத்தங்கல் கருத்தப்பாண்டி அவர்களின் மனுவின் பேரில், தீ அபாயம் கருதி, மறு உத்தரவு வரை மலைப்பாதை மூடப்படுகிறது.'

என் பெயர்! பின்னால் 'அவர்கள்' வேறு! சந்தோஷத்தில் இரண்டாம் தடவையும் வாசித்தேன்.

"எவன்லே அந்தக் கருத்தப்பாண்டி?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். நான் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஞ்சம்மாள் என்னைப் பார்த்தாள்.

குவியல் அங்கேயேதான் கிடந்தது. இன்னும் உயரமாக. திரும்பிப் போகிறவர்களிடமும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

பஞ்சம்மாள் ஆத்தாளுக்குத் தூக்கி வந்த குடத்துத் தண்ணீரைக் குவியல் மேல் கவிழ்த்தாள். சாவடிக் குழாயில் பிடித்து இன்னும் நான்கு குடம். ஹரிஷ்குமார் ஓடி வந்தான். "யாரைக் கேட்டும்மா ஊத்துனீக?"

"எழுதிக் குடுக்கணுமாய்யா? எனக்கு எழுதத் தெரியாதே."

மார்ச் 14
அடுத்த மனு. கடைசி வரியை மட்டும் பஞ்சம்மாள் சொன்னாள், நான் எழுதினேன்: 'பங்குனிப் பௌர்ணமிக்கு முன்னால பூட்டைத் திறங்க.'