அப்பாவின் மஞ்சள் வருடம்

பசுமலை,
ஞாயிறு மதியம்.

அன்பு மகள் ஜெஸிக்கு அம்மா ஐரின் எழுதுவது. நீ பெங்களூரில் நலமாயிருக்க ஜெபிக்கிறேன். இங்கே மோட்டார் மறுபடியும் ரிப்பேர். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம்.

அப்பா தன் நண்பர் இன்பசேகரன் அண்ணனுக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, வருடவாரியாக நீ போட்ட வண்ணப் படம் வந்தது. சந்தோஷமான வார்த்தைகள் மஞ்சள், துக்கமானவை நீலம் என்றாய். நம்மோடு இருந்த வருடங்கள் எல்லாம் நீலம். ஓவியம் வரைய வாடிப்பட்டியில் தனியாக அறை எடுத்துத் தங்கிய வருடம் மட்டும் ஒரே மஞ்சள். நம்மை விட்டுப் போன பிறகே அப்பா சந்தோஷமாக இருந்தார் என்று எழுதி, கண்காட்சியில் அவர் ஓவியங்களுக்கு நடுவே அதை மாட்டப்போவதாகவும் சொல்கிறாய்.

எனக்கும் சந்தேகம் வந்தது. இறந்துபோன மனுஷன் மேல் சந்தேகம். ஒரு வாரம் அவர் போட்டோவுக்குப் பூ வைக்கவில்லை.

பிறகு வில்லாபுரம் போய், வாடிப்பட்டியில் அவரோடு யார் இருந்தார்கள், உண்மையைச் சொல்லுங்கள் என்று இன்பசேகரன் அண்ணனிடமே கேட்டேன். "அந்தத் தாடிக்காரனை எவ பார்ப்பா, தங்கச்சி?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அப்பாவுக்கு அந்த வருடம்தான் இடது கண் பார்வை போயிருக்கிறது. கோடு கோணுவது நமக்குத் தெரியக்கூடாது என்றே தனியாகப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறார்.

நம் சபையார் வழக்கம் உனக்குத் தெரியாதா? சாம்பாரில் உப்பு அதிகம், பெயின்ட் காயவில்லை, ஐரின் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று புலம்பினால் அப்பா நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். தாங்க முடியாதது வந்தால்தான் பக்கம் முழுக்க ஸ்தோத்திரம், களிகூருகிறேன், சமாதானம். உன் கம்ப்யூட்டர் அதைத்தான் மஞ்சளாக்கியிருக்கிறது. அந்த வருடக் கடிதங்களைக் கையில் எடுத்துப் படி. எழுத்து வரியை விட்டு இறங்கியிருக்கும்.

அந்தப் படத்தை மாட்டாதே, பிள்ளை.

மற்றபடி, போன வாரம் எனக்கு எடுத்த ஸ்கேனைப் பார்த்துவிட்டு, வருகிற செவ்வாய் விட்டு அடுத்த செவ்வாய்க்கிழமை துணைக்கு யாரையாவது அழைத்துக்கொண்டு வரச் சொன்னார் டாக்டர். கர்த்தர் நல்லவர். ஒரு குறையும் வைக்கவில்லை. மனம் நிறைந்த சமாதானம், ஸ்தோத்திரம்.

இந்தக் கடிதத்தையும் கம்ப்யூட்டரில் போட்டுவிடாதே. நீ புறப்பட்டு வா.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா