ஒரு மணி நேரத் தூரம்

சாங்வி, புனே
8 ஜூன் 2024

அன்புள்ள கேஷவுக்கு,

அம்மாவின் ஆசிகள். போனில் உன் தங்கை பேரை எடுத்தாலே பேச்சை மாற்றிவிடுகிறாய். அதனால்தான் மெயில்.

சுப்ரஜாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பதினெட்டாம் தேதி ஆபரேஷன். விவாகரத்துக்குப் பிறகு கோலாலம்பூரில் அவளுக்கென்று யார் இருக்கிறார்கள்? அந்தச் சம்பந்தத்தை நீ கொண்டுவந்தபோது என்ன சொன்னாய்? "சிங்கப்பூர்லேர்ந்து முந்நூறு கிலோமீட்டர்தாம்மா, பிளைட்ல ஒரு மணி நேரம். நெனச்சா போய்ப் பார்ப்பேன்" என்றாய். இப்போது போய்ப் பாரேன். என் முழங்கால் இருக்கிற இருப்பில் டாக்டர் பயணமே கூடாது என்கிறார்.

மருமகள் ப்ரீத்தியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
அம்மா


சிங்கப்பூர்
11 ஜூன்

அன்புள்ள அம்மாவுக்கு,

பறப்பது ஒரு மணி நேரம்தான். ஏர்போர்ட், இமிக்ரேஷன், அந்தப் பக்கம் டாக்ஸி எல்லாம் சேர்த்தால் அரை நாள் போய்விடும். அரையாண்டுக் கணக்கு முடிக்கிற ஜூனில் ஆபீசில் லீவு கேட்கவே முடியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மனோஜ் என் காலேஜ் நண்பன். அவன் வேண்டாமென்று அவள் முடிவெடுத்தபோது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாளா? இப்போது மட்டும் அண்ணன் வேண்டுமா?

நல்ல நர்ஸாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல். நீ அலையாதே.

கேஷவ்


கோலாலம்பூர்
22 ஜூன்

கேஷவுக்கு,

நான் வந்துவிட்டேன். மும்பை வரை கார், அங்கிருந்து ஐந்தரை மணி நேர விமானம். இரண்டு ஏர்போர்ட்டிலும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் முடிந்து கண் திறந்தவள், "நீ எப்படிம்மா வந்தே?" என்று கேட்டு அழுதாள்.

நேற்று அவள் போனில் ஒரு போட்டோ பார்த்தோம். பத்தொன்பதாம் தேதி, இதே ஊரில், மனோஜின் பிறந்தநாள் விருந்து. அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நீ சிரிக்கிறாய்.

"அண்ணா வந்துட்டுப் போயிருக்கான். திட்டாதேம்மா" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அம்மா


சிங்கப்பூர்
23 ஜூன்

அம்மா,

ஆபீஸ் வேலையாகத் திடீரென்று அனுப்பினார்கள். மனோஜ் கூப்பிட்டான், தட்ட முடியவில்லை. விருந்து முடிந்தபோது ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தாண்டிவிட்டது. சத்தியமாக வரத்தான் நினைத்தேன். வருகிற சனிக்கிழமை வரட்டுமா? அவளிடம் கேட்டுச் சொல்.

கேஷவ்


சாங்வி, புனே
14 ஜூலை

கேஷவுக்கு,

கேட்டேன். "வேண்டாம்மா, அவனுக்கு அரை நாள் வீணாகும்" என்றாள். உன் முதல் மெயிலை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன். காட்டியிருக்க வேண்டாம்.

நடக்கத் தெம்பு வந்ததும் இங்கே அழைத்து வந்துவிட்டேன். வந்த மறுநாளே கீழ்வீட்டுப் பட்டாபிராமன் மாமா பார்க்க வந்தார். "பக்கத்துலயே அண்ணன் இருந்தது எவ்வளவு சௌகரியம்! கூடவே இருந்து பார்த்துண்டிருப்பானே?" என்று கேட்டார். சுப்ரஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாம், ராத்திரி பகலா கூடவே இருந்தான்" என்று சொல்லிவிட்டேன்.

உன் மானத்தைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னதாக நினைக்காதே. இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

இதற்குப் பதில் எழுதாதே.

விசாலம்