சத்தமில்லாத வகுப்பு

சந்தன்நகர்
20 ஏப்ரல் 1995

அன்புள்ள தபதிக்கு,

நீ ஜல்பாய்குரி போய்ச் சேர்ந்துவிட்டதாக எழுதிய அட்டை கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை வருகிறது. எல்லாரும் என்றால் நான் ஒருவன்தான்.

தொண்டையில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டது. குரல் வரவில்லை, காற்றுதான் வருகிறது. கட்டி நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, உயிரைத்தான் காப்பாற்ற முடியும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நீயும் பக்கத்தில்தான் நின்றிருந்தாய். அவர் மேல் குறை இல்லை.

காய்கறிக்கார ஹாருவிடம் கத்திரிக்காய் கேட்டேன். அவன் காதில் விழவில்லை. "என்ன அண்ணே, ரகசியமா? எங்கிட்டயும் சொல்லக் கூடாதா?" என்று சிரித்தான். விரலால் காட்டி வாங்கி வந்தேன். பாட்டுப் படிக்க வரும் பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. பாடிக் காட்டாமல் பாட்டை எப்படிச் சொல்லித்தருவது?

போன் செய்யச் சொல்லாதே. அன்று பூத்திலிருந்து பேசியபோது நீ "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். இனிக் கடிதம்தான்.

இப்படிக்கு,
பிரணவேஷ்

*

செவிலியர் குடியிருப்பு, ஜல்பாய்குரி
4 மே 1995

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் வந்தது. இதைக் கடிதம் என்று சொன்னால் தபால்காரரே சிரிப்பார். ஒரு பக்கம்கூட நிறையவில்லை. மாற்றல் உத்தரவை நான் கேட்டு வாங்கவில்லை. உங்களை அந்த நிலைமையில் விட்டுவிட்டு ரயில் ஏறியவளுக்கு இரண்டு வார்த்தை அதிகம் எழுதினால் ஆகாதா?

என் அறையில் கூட இருப்பவள் பெயர் பின்னி தமாங், மலைக்காரி. தூக்கத்தில் பேசுவாள். நல்ல பெண். வார்டில் எப்போதும் கூட்டம். அறைக்கு வந்து கதவைச் சாத்தினால் என்ன செய்வதென்று தெரிவதில்லை.

இங்கே வந்துவிடுங்கள் என்றால் வர மாட்டீர்கள். குரலில்லாமல் புது ஊரில் எப்படி முகம் காட்டுவது என்பீர்கள். சரி, எழுதவாவது செய்யுங்கள். யார் வந்தார்கள், என்ன சமைத்தீர்கள், உள்ளே என்ன ஓடுகிறது, எதுவானாலும் சரி. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க மறக்க வேண்டாம்.

உங்கள்,
தபதி

*

சந்தன்நகர்
16 ஜூலை 1995

அன்புள்ள தபதிக்கு,

நீ திட்டியது பலித்துவிட்டது. இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை அதிகம் ஒட்ட வேண்டியிருக்கும்.

பாட்டு வகுப்புத் துலியும் அவள் அம்மாவும் விடைபெற்றுப் போக வந்தார்கள். சந்தேஷ் இனிப்புப் பெட்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அந்த அம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கிளம்ப முடியவில்லை. துலி தரையில் உட்கார்ந்து பள்ளிக்கூடக் கணக்கை எடுத்தாள். எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். காகிதம் கிழிந்தது. அழுதுவிட்டாள்.

கல்லூரியில் நான் கணக்குப் படித்தவன் என்பது உனக்கு மறந்திருக்கும். எனக்கே மறந்துதான் போயிருந்தது. தரையின் சிவப்புச் சிமெண்டிலேயே சாக்குக்கட்டியால் எழுதினேன். சமன்குறிக்கு இந்தப் பக்கம் இருப்பது அந்தப் பக்கம் போகும்போது என்ன ஆகிறது என்று அம்பு போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த கணக்கை அவளே போட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "இவ்ளோதானா?" என்றாள்.

அவள் அம்மா கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாஸ்டர்மொஷாய், இத தெனமும் சொல்லித்தர முடியுமா? பாட்டுக்குத்தான கொரல் வேணும்?" என்று கேட்டாள்.

அவள் நல்ல எண்ணத்தில்தான் கேட்டாள். எனக்கு அறைந்ததுபோல் இருந்தது, நன்றியாகவும் இருந்தது. தலையை ஆட்டினேன். அவர்கள் போன பிறகு அந்தத் தரையைத் துடைக்க வெகுநேரம் மனம் வரவில்லை.

சாயங்காலங்கள்தான் போக மாட்டேன் என்கின்றன. ஹார்மோனியத்தைத் திறக்கிறேன், கட்டையை அழுத்துகிறேன், கூடச் சேர வேண்டியது வருவதில்லை. மூடிவிடுகிறேன். ஆற்றங்கரைக்குப் போகலாம்தான். ஆனால் மழைக்காலத்து ஆறு என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம், தபதி. உன்னிடம் சொன்னதில்லை, வெட்கம். கல்யாணமான புதிதில் படகில் போகலாம் என்று நீ கெஞ்சியபோது தலைவலி என்று படுத்துக்கொண்டேனே, அது இதனால்தான்.

இன்று நீ என்ன சாப்பிட்டாய்? அங்கேயும் மழையா? வார்டில் யாராவது இறந்துபோனால் வந்து யாரிடம் சொல்கிறாய்? இதையெல்லாம் நான் கேட்டதே இல்லையே என்று நேற்றுத்தான் தோன்றியது. எழுது.

உன்,
பிரணவேஷ்

*

ஜல்பாய்குரி
25 ஜூலை 1995

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை மருந்து அறையில் நின்றபடி படித்தேன், பிறகு சாப்பாட்டு மேசையில், பிறகு படுக்கையில். "அக்கா, காதல் கடுதாசியா? புருஷன் எழுதுனதா, வேற யாராவதா?" என்று பின்னி கேட்டாள். புருஷன் என்றேன். அவள் நம்பவில்லை.

இன்று சாப்பிட்டது சோறு, மசூர் பருப்பு, முட்டைக் குழம்பு. குழம்பில் உப்பில்லை. மழை விடாமல் பெய்கிறது. போன வாரம் ஒரு கிழவர் என் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஒன்று சொன்னால் தப்பாக நினைக்க வேண்டாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நம் வீட்டில் யாராவது பாடிக்கொண்டே இருந்தார்கள். டியூட்டி முடிந்து வந்தால் வாசலில் செருப்புக் குவியல் கிடக்கும். பின்பக்கமாகச் சுற்றிச் சமையலறைக்குப் போய்விடுவேன். நீங்கள் சாப்பிட வரும்போது தொண்டைக்கு ஓய்வு என்று பேச மாட்டீர்கள். உங்கள் பாட்டை ஊரே கேட்டது. உங்களுக்கு ஆறென்றால் பயம் என்று இவ்வளவு வருஷம் கழித்து ஒரு தபால்காரர் கொண்டுவந்து தருகிறார். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

துலிக்குச் சொல்லித்தாருங்கள். பாட்டு இல்லையே என்று குமைய வேண்டாம். இந்தக் கடிதம் எனக்குப் போதும். இன்னும் எழுதுங்கள்.

உங்கள்,
தபதி

*

சந்தன்நகர்
9 நவம்பர் 1995

அன்புள்ள தபதிக்கு,

ஜகத்தாத்ரி பூஜை முடிந்தது. இந்த வருஷம் விளக்கு அலங்காரம் பிரமாதம் என்றார்கள். நான் போகவில்லை, நேரமில்லை.

துலி வகுப்பில் முதலாவதாக வந்ததிலிருந்து கூட்டம் தாங்கவில்லை. வாசலறை போதாமல் நடு அறையிலும் உட்கார வைத்திருக்கிறேன். ஒரு கரும்பலகை வாங்கினேன். நான் பேசுவது மூச்சுச் சத்தம்தான், அது காதில் விழ வேண்டுமென்று பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். வெளியே கதை வேறு. பக்கத்து வீட்டு விஷ்ணு பாபு, என் பாட்டு தூக்கத்தைக் கெடுக்கிறதென்று சண்டைக்கு வருவாரே, அவர் தெருவெல்லாம் சொல்கிறார்: "அந்த மனுசன் வாயே தொறக்க மாட்டாரு. புள்ளைங்க நடுங்கும். கண்டிப்புன்னா அதான் கண்டிப்பு." அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் வருகிறார்கள்.

தம்பூராவைத் துலியின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கொடுக்கும்போது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் ஆச்சரியம்.

நீ போன கடிதத்திலும் அதற்கு முந்தியதிலும் கேட்டதற்கெல்லாம் பிறகு எழுதுகிறேன். மாணவர்கள் வந்துவிட்டார்கள்.

பிரணவேஷ்

*

ஜல்பாய்குரி
18 ஜனவரி 1996

அன்புள்ள உங்களுக்கு,

டிசம்பர் முழுக்க உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வேலை என்று தெரியும். குளிர் இங்கே எலும்பைக் குடைகிறது.

நேற்று ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண் பிரசவத்தில் இறந்துவிட்டாள். பத்தொன்பது வயது. குழந்தை பிழைத்தது. நான்தான் குளிப்பாட்டித் துணி சுற்றினேன். வாங்கிக்கொள்ள யாரும் முன்வராமல் வெகுநேரம் என் கையிலேயே இருந்தது. பின்னி ஊருக்குப் போயிருக்கிறாள். அறைக்கு வந்து விளக்குப் போடாமலே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் ஜூலையில் கேட்டீர்களே, யாரிடம் சொல்கிறாய் என்று. அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயம். மாற்றல் பட்டியல் தயாராகிறது. நம் ஊர்ப் பக்கம் ஓர் இடம் காலி இருக்கிறதாம். மேட்ரன் என்னைக் கேட்டார், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வா என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். நானாக முடிவு செய்யலாம்தான். ஆனால் அந்த வார்த்தை உங்களிடமிருந்து எனக்கு வேண்டும்.

உங்கள்,
தபதி

*

சந்தன்நகர்
6 பிப்ரவரி 1996

தபதிக்கு,

வேறு காகிதம் கைக்கு அகப்படவில்லை, கணக்குத் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

மாற்றல் நல்ல செய்திதான். நீ வந்துவிட்டால் சமையல் வேலை எனக்கு மிச்சமாகும், இன்னொரு வகுப்பு வைக்கலாம். ஒன்றுதான் சிரமம். படுக்கையறையிலும் பெஞ்சு போட்டுவிட்டேன். கட்டிலைப் பிரித்து மொட்டைமாடிப் படிக்கட்டின் கீழ் வைத்திருக்கிறேன். நான் பாய் விரித்துக்கொள்கிறேன். நீ சமையலறைப் பக்கம் படுத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரைதான். அதற்குப் பிறகு புது வகுப்பு தொடங்கும், பார்க்கலாம்.

அந்தத் தேயிலைத் தோட்டத்துப் பெண்ணும் குழந்தையும் நலமாக வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவசரத்தில்,
பிரணவேஷ்

*

ஜல்பாய்குரி
15 பிப்ரவரி 1996

அன்புள்ள உங்களுக்கு,

அந்தப் பெண் இறந்துவிட்டாள். எழுதியிருந்தேன். குழந்தையை மறுநாள் சித்தி ஒருத்தி வந்து வாங்கிக்கொண்டு போனாள்.

கோபத்தில் எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது, கோபம் வருமா என்று பார்த்தேன், வரவில்லை. நீங்கள் மீண்டு வந்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆபரேஷன் முடிந்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் நீங்கள். இன்று உங்களிடம் பிள்ளைகளை விட ஊரே வரிசையில் நிற்கிறது. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை, நீங்களே தேடிக்கொண்டது.

குரல் போனதால் நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று நினைத்திருந்தேன். அந்த மழைக்காலத்தில் உங்களுக்கு வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான். அதில் உங்கள் தப்பும் இல்லை. ஜூலைக் கடிதம் ஒன்று மட்டும் என் பெட்டியில் இருக்கிறது. எழுதியவர் பொய் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்.

மேட்ரனிடம் இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்டிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்குக்கட்டித் தூள் தொண்டைக்கு ஆகாது, கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பதிலுக்கு அவசரமில்லை. பரீட்சை முடியட்டும்.

தபதி