பிரக்குக்கு இரண்டாம் சாட்சி

1961 மார்ச் 6
நான் அனுப்பிய சொல்லுக்கு டப்ளின் ஐரிஷ் மொழி அகராதிக்காரர் பியாக்ராவிடமிருந்து கடிதம். 'பிரக்' என்றால் புள்ளி போட்ட, திட்டுத்திட்டான. பசு என்ற சொல் ஐரிஷில் பெண்பால், அதற்குப் பின்னால் வந்தால் 'வ்ரக்' என்று மெலியும். வேறு சொல்லின் தலையில் ஒட்டினால் 'அரைகுறை' என்று பொருள். அவ்வளவுதானாம். பக்கத்து வீட்டு ஷிபேல் சொன்ன 'நான் பிரக்' — சீக்குமில்லை, சுகமுமில்லை — அகராதியில் ஏற வேண்டுமென்றால் அப்படிப் பேசும் வேறு ஊர்ச் சாட்சி ஒன்று வேண்டும், மாதக் கடைசிக்குள். இல்லையென்றால் வெட்டிவிடுவார். எங்கள் கனிமாரா மழையில் ஒரு நாள்கூட நனையாத மனுஷன்!

மார்ச் 11
ஷிபேலிடம் சொன்னேன். படுத்தபடியே சிரித்தாள். "நான் பேசறதுக்கு இன்னொருத்தி ஆமாம்னு சொல்லணுமா? அப்ப என் வாய் எதுக்கு?" உன் பெயர் அகராதிக்குப் போகும் என்று போன வருஷமே வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன். அவள் அம்மா பேச்சாம் அது. அதைத் தெரிந்தவர்களில் அவள் தங்கை நாப்லா மட்டும்தான் மிச்சம், குடாவுக்கு அந்தப் பக்கம். அடுப்புக்குக் கரிமண் வெட்டும் நிலத்துக்காகச் சண்டை, இருவருக்கும் இருபது வருஷமாகப் பேச்சில்லை.

மார்ச் 14
நாப்லா வீடு. "அவ சொன்னதுக்கு நான் சாட்சியா? அப்படி ஒரு பேச்சே எங்க வீட்டுல கெடையாது, டீச்சர்."
பச்சைப் பொய். அக்கா படுத்த படுக்கை என்றேன். கேட்காத மாதிரி ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். பெற்றவள் பேச்சையே இல்லையென்கிறாளே — அவள் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மார்ச் 15
மழை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 22
விடியற்காலையில் ஷிபேல் போய்விட்டாள்.

மார்ச் 23
கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாவு வீட்டு வழக்கப்படி மூக்குப்பொடித் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. மத்தியானம் நாப்லா உள்ளே வந்தாள். அக்கா கையைத் தொட்டாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "இவ எப்பவும் பிரக்தானே. இந்தப் படுக்கையும் அப்படித்தான்னு இருந்துட்டேன்."
பெண்கள் அழுதார்கள். நான்? என் கை பைக்குள் பென்சிலைத் தேடியது. சீ! பியாக்ராவைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் மாட்டுக்கொட்டகைக்குப் போய் எழுதினேன், வார்த்தைக்கு வார்த்தை.

மார்ச் 29
சொல்லையும் சாட்சிகளையும் எழுதிய அட்டையைப் பியாக்ராவுக்குத் தபாலில் போட்டேன். அக்கா பெயர், ஊர். கீழே தங்கை பெயர், ஊர்.
பெயர் போடலாமா என்று நாப்லாவிடம் கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் இல்லையென்பாள்.